மாப்பிள்ளை இன் ஆப்சென்ஷியா

தும்பிச்சிநல்லூரில் ஒருவர் விசேஷத்துக்கு வராவிட்டால் அவருடைய ஆப்சென்ஷியா வரும். வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனக் கிண்ணத்தை நீட்டுவார்கள், கல்கண்டு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது முன்வரிசையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆள் இல்லாதது நன்றாகவே தெரியும். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வீடியோ எடுப்பவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகுதான் நகர்வார்.

இந்த லத்தீன் சொல் ஊருக்குள் வந்தது பட்டமளிப்பு விழா வழியாக. ஊரின் முதல் பட்டதாரி உரக்கடை பொன்னுச்சாமி. தபால் வழியில் பி.ஏ. முடித்தார். பட்டமளிப்பு அன்று கடைக்கு யூரியா லோடு வந்து இறங்கியதால் போக முடியவில்லை. அவருக்கு இன் ஆப்சென்ஷியாவாக, அதாவது ஆள் நேரில் வராமலே, பட்டம் வழங்கப்பட்டதாகத் தகவல் வந்தது. ஊர் அதை உள்ளபடியே புரிந்துகொண்டது. பொன்னுச்சாமி போகவில்லை, அவருடைய ஆப்சென்ஷியா போயிருக்கிறது, கறுப்பு அங்கி மாட்டியிருக்கிறது, மேடையேறிப் பட்டத்தை வாங்கியிருக்கிறது. சாயங்கால பஸ்ஸில் அது வந்து இறங்கியபோது மேளம் வைத்து அழைத்துப் போனார்கள். பொன்னுச்சாமி மட்டும் கடைக்குள்ளேயே இருந்துகொண்டார். அவர் தெருவுக்கு வந்தால் அது போய்விடும் அல்லவா.

ஆனால் அந்தச் சொல்லை வாய்க்கு வந்தபடி பயன்படுத்த ஊர் விடாது. வெறுமனே வராமல் இருந்தால் அது வராமல் இருப்பது, அவ்வளவுதான். வராத நேரத்தில் அந்த ஆளுக்கு ஏதாவது நடக்க வேண்டும். பட்டம் கிடைக்க வேண்டும், பதவி கிடைக்க வேண்டும், மாலை விழ வேண்டும், ஒரு தீர்ப்பாவது வர வேண்டும். அப்போதுதான் அது இன் ஆப்சென்ஷியா. சினிமாவுக்குக் கூப்பிட்டு வராதவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவனைச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கின்றன. சோடாக் கடை குருசாமி ஓர் அடிதடி வழக்கில் கோர்ட்டுக்குப் போகாமல் மாமியார் வீட்டில் படுத்திருந்தார். தண்டனை அவருடைய ஆப்சென்ஷியாவுக்குக் கிடைத்தது. அது சிறை போய்த் திரும்பியபோது சற்று இளைத்திருந்தது. அதற்கப்புறம் குருசாமி எங்கே வராமல் இருந்தாலும் கொஞ்சம் அடக்கமாகவே வராமல் இருந்தார்.

இந்த ஊரில்தான் சேர்மக்கனி சங்கொலி சவுண்ட் சர்வீஸ் நடத்திவந்தான். ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போகிற அறிவிப்புகளுக்கெல்லாம் குரல் கொடுப்பது அவன்தான். தேர்தல் வந்தால் வேட்பாளரின் குரலில் வாக்குறுதி கொடுப்பான். எதிர் வேட்பாளரின் குரலில் அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பான். பேரூராட்சி வரி பாக்கிக்கு ஒரு மிரட்டல் குரல், ஜவுளிக் கடைத் தள்ளுபடிக்கு ஒரு கொஞ்சல் குரல், இரங்கல் அறிவிப்புக்கு ஒரு அடிவயிற்றுக் குரல். ஒருமுறை மூன்றையும் மாற்றிப் பேசிவிட்டான். வரி பாக்கி அந்த வாரமே முழுவதும் வசூலானது.

ஊரில் எந்த விசேஷத்துக்கும் மைக் செட் அவனுடையது என்பதால், அழைப்பு வந்த விசேஷத்துக்குப் போக அவனுக்கு நேரமே இருக்காது. அங்கெல்லாம் அவனுடைய ஆப்சென்ஷியாதான் போய்வந்தது. நாளாக ஆக, சேர்மக்கனியைவிட அதற்குத்தான் ஊரில் பழக்கம் அதிகமாயிற்று. வர்த்தகர் சங்கத்தில் அதைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பொன்னாடைகள் போர்த்தினார்கள்; அவை நாற்காலியின் முதுகில் அழகாக நின்றன.

பெண் பார்க்கிற அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. பஸ் நிலையத்தில் ஒரு கட்சிக் கூட்டம். மைக் கோளாறு. சேர்மக்கனி வயரைக் கடித்துக்கொண்டு மேடைக்கு அடியில் கிடந்தபோது, அவன் அம்மா செல்லத்தாய் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு ஆப்சென்ஷியாவோடு பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெண்ணின் அப்பா வைகுண்டமணி கடலைமிட்டாய் போடுகிறவர். அவருக்கு ஏற்கெனவே நான்கு மாப்பிள்ளைகள். நான்கு பேரும் பேசுகிறவர்கள். ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் தொடங்குவார் என்று இல்லை; யாரும் நிறுத்துவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் சேர்மக்கனியின் ஆப்சென்ஷியா வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. காபி டம்ளரை வைத்த இடத்திலேயே வைத்திருந்தது. பஜ்ஜியில் எண்ணெய் அதிகம் என்று சொல்லவில்லை. செல்போனை எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது மாப்பிள்ளை நாட்டு நடப்பைப் பற்றி நெடுநேரம் பேசியபோது குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வைகுண்டமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே தட்டை மாற்றிவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை இன் ஆப்சென்ஷியாவாகவே இருக்க வேண்டும். பத்திரிகையிலும் அப்படியே அடித்தார்கள்.

சேர்மக்கனிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முகூர்த்த நாளில் வேறு மூன்று இடத்தில் மைக் செட் சொல்லியிருந்தார்கள்.

வருத்தம் வந்தது பத்திரிகை வைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம். கடலைமிட்டாய் வண்டிக்கு விளம்பரம் பதிய வேண்டும் என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையில் சாம்பிளுக்கு ஒரு பொட்டலம். யார், எவர் என்று விசாரித்தபோது வைகுண்டமணியின் ஐந்தாவது மகள் சொர்ணக்கிளி என்று தெரிந்தது. சேர்மக்கனி தன் பெயரைச் சொன்னான்.

"ஓ, வராத ஆள் நீங்கதானா" என்றாள் சொர்ணக்கிளி. "நல்லா உக்காந்திருந்தீக."

அவன் நன்றி சொன்னான். பிறகு விளம்பரத்துக்குக் குரல் காட்டத் தொடங்கினான். முதலில் வேட்பாளர் குரல். எனதருமை வாக்காளப் பெருமக்களே, பல் இருக்கும்போதே வைகுண்டமணி கடலைமிட்டாய் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு நான் பொறுப்பல்ல. அடுத்து பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் குரல். அடுத்து, கடலைமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பேச முடியாமல் தவிக்கிற தலைமையாசிரியர் குரல். சொர்ணக்கிளி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் மைக்கை இந்தப் பக்கம் தரச் சொன்னாள்.

அவள் தன் அத்தான்மார் நான்கு பேரையும் பேசிக் காட்டினாள். மூத்தவர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். இரண்டாமவர் "நான் என்ன சொல்ல வாறேன்னா" என்று தொடங்கி, என்ன சொல்ல வந்தார் என்பதைச் சொல்லாமலே முடிப்பார். மூன்றாமவர் எதையும் ரகசியமாகத்தான் சொல்வார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து, "வெளிய சொல்லிராதீக… சாம்பார்ல உப்பு கம்மி" என்பார். நான்காமவர் தன் நகைச்சுவையைச் சொல்லுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவதால் இதுவரை அது என்னவென்று யாருக்கும் தெரியாது. சேர்மக்கனி நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாழ்நாளெல்லாம் பிறரைச் சிரிக்க வைத்தவன். தான் சிரிக்கிற குரல் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கேட்டான். அது யாருடைய குரல் மாதிரியும் இல்லை.

விளம்பரம் பதிவாகவே இல்லை. அவள் போன பிறகு, பொட்டலத்தைப் பிரித்துக் கடலைமிட்டாய் தின்றபடி யோசித்தான். தன் கல்யாணத்துக்குத் தானும் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

மறுநாளே வைகுண்டமணியைப் பார்க்கப் போனான். அவர் பாகு கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில், பதம் பார்க்கும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் நான்கு மாப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சேர்மக்கனி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். வைகுண்டமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க வராதது எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வந்து கெடுத்துராதீக."

"நான் ஒண்ணும் பேச மாட்டேன் மாமா. ஓரமா இருந்துக்கிடுதேன்."

"இருப்பீகல்லா? அதான் வேண்டாங்கேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு பேரு எனக்கு வந்த மாப்பிள்ளைக. வந்தாக, உக்காந்தாக, பேச ஆரம்பிச்சாக. இன்னும் முடியலை. வராத மாப்பிள்ளை ஒருத்தராவது எனக்கு வேண்டாமா?"

அதோடு அவர் நியாயத்தையும் எடுத்துச் சொன்னார். அவர் வாக்குக் கொடுத்தது ஆப்சென்ஷியாவுக்கு. சேர்மக்கனி மண்டபத்தில் கால் வைத்தால் அது எழுந்து போய்விடும். அது போய்விட்டால் மாப்பிள்ளை போன மாதிரி. மாப்பிள்ளை போய்விட்டால் கல்யாணம் எப்படி நடக்கும்? சேர்மக்கனிக்கும் அது சரியாகத்தான் பட்டது. மைக் செட்டுக்காரனாகவாவது வருகிறேன் என்று கேட்டான். அதை யோசித்துத்தான் பக்கத்து ஊர் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டதாக வைகுண்டமணி சொன்னார். கை நிறையக் கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவளும் வைகுண்டமணி பக்கம்தான் நின்றாள்.

"ஏலே, ஒங்க அப்பா அன்னிக்குக் கல்யாணத்துக்கு நேர்ல வந்தாரு" என்றாள் செல்லத்தாய், கீரை ஆய்ந்துகொண்டே. "அதைத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிச்சுட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து அப்பா இருமினார்.

சேர்மக்கனி இரண்டு நாள் அறிவிப்பு வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது வழி தெரிந்தது. ஊரில் அவனால் பேசிக் காட்ட முடியாத ஆளே கிடையாது. மந்திரியைச் செய்வான், மந்திரியின் உதவியாளரைச் செய்வான், மந்திரி வருகிற காரைச் செய்வான். தன்னுடைய ஆப்சென்ஷியாவை மட்டும் இதுவரை செய்து பார்த்ததில்லை. அதைச் செய்துகொண்டு மண்டபத்துக்குப் போனால், அவன் போயிருக்கிறான் என்று யாரால் சொல்ல முடியும்?

பழகத் தொடங்கினான். பார்க்கச் சுலபம் போல இருந்தது, செய்யும்போது அப்படி இல்லை. சும்மா இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. சும்மா இருக்கிறவனை எல்லோருக்கும் தெரியும். எந்த வேலையானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இல்லாமல் இருப்பதற்கு மூச்சை ஒரு பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோள்களை வேறு யாருடையதோ போல விட்டுவிட வேண்டியிருந்தது. முக்கியமாக, தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கக் கூடாது. அதுதான் கடைசி வரை வரவில்லை. பிறகு ஒரு காலை அதுவும் வந்தது. முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அம்மா துவைத்த துணிகளைக் கொண்டுவந்து அவன் மடியில் குவித்துவிட்டுப் போனாள். பால்காரர் எட்டிப் பார்த்து, வீட்டில் ஆள் இல்லையா என்று குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பூனை துணிக் குவியல் மேல் ஏறிச் சுருண்டு படுத்தது. சேர்மக்கனிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனாலும் அதை வெளியே காட்டாமல் மத்தியானம் வரை இல்லாமலே இருந்தான்.

கல்யாணத்தன்று ஆப்சென்ஷியாவை அழைத்துவர ரோஜாப்பூ ஒட்டிய கார் வந்தது. செல்லத்தாய் அதற்குத் திருஷ்டி கழித்து ஏற்றினாள். சேர்மக்கனி டவுன் பஸ்ஸில் போனான். கண்டக்டர் அவன் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் பின்னால் இருந்தவருக்கு டிக்கெட் கொடுத்தார். மண்டப வாசலில் யாரும் அவன் மேல் பன்னீர் தெளிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. மேடையில் ஏறி, மணையில் தன் ஆப்சென்ஷியாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. எழுந்து போகவில்லை. அவன் வந்ததாக அதற்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஐயர்தான் முதலில் கவனித்தார். மந்திரத்தை நிறுத்தி, மணையை உற்றுப் பார்த்து, மாப்பிள்ளை இரண்டு தடவை வராமல் இருக்கிறாரே என்றார்.

வைகுண்டமணி ஓடிவந்தார். மேடையில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு மாப்பிள்ளைக்கு ஓர் ஆப்சென்ஷியாதான் முறை, இரண்டு இருந்தால் எதற்குத் தாலியைக் கொடுப்பது என்று ஐயர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையான ஆப்சென்ஷியா எது என்று கண்டுபிடிக்க நான்கு மாப்பிள்ளைகளும் முன்வந்தார்கள். மூத்தவர் செருமிவிட்டுச் சேர்மக்கனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பதில் இல்லை. இரண்டாமவர் தான் என்ன சொல்ல வருகிறார் என்றால் என்று தொடங்கினார். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டன. நான்காமவர் ஒரு நகைச்சுவை சொல்லப் போவதாக அறிவித்துவிட்டு உடனே சிரித்தார். இரண்டு பக்கமும் சிரிக்கவில்லை. கூடியிருந்தவர்களும் சிரிக்கவில்லை என்பதால் அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மூன்றாமவர் எல்லோருடைய காதிலும் தனித்தனியாகப் போய், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. சேர்மக்கனி இல்லாமல் இருந்தான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை. உள்ளே மட்டும் ஒரு கணக்கு ஓடியது. தோற்றால் சொர்ணக்கிளி இல்லை, ஜெயித்தாலும் அவளுக்குப் பக்கத்தில் அவன் இல்லை. ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை அவன் அதுவரை யோசிக்கவே இல்லை. ஆயுளுக்கும் மடியில் துணியைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த சொர்ணக்கிளி தலையை நிமிர்த்தவில்லை. மணையின் இரண்டு பக்கத்தையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து, மூன்றாவது அத்தானின் குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"வெளிய சொல்லிராதீக… மாப்பிள்ளை வரலையாம்."

சேர்மக்கனி சிரித்துவிட்டான். முதலில் மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தான்; தோள் குலுங்கியது. பிறகு அந்த யாருடையதும் இல்லாத சிரிப்பு முழுதாக வெளியே வந்தது. ஐயர் முன்னால் இருந்த மைக் அதை வாங்கிக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர் செட் நல்ல செட். சிரிப்பு மண்டபத்தைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, ரயில்வே கேட் வரை கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஆப்சென்ஷியா மணையிலிருந்து எழுந்தது. மாலை பொத்தென்று பலகையில் விழுந்தது. யாரையும் குறை சொல்லாமல், வந்த வழியே மரியாதையாகப் போனது. போகிற வழியில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வைகுண்டமணி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. இப்படி வந்து நிற்கிறீர்களே மாப்பிள்ளை, உங்களை நம்பித்தானே இருந்தேன் என்று மட்டும் சொன்னார். சேர்மக்கனிக்கு என்ன குரலில் பதில் சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரல்கள் நாலைந்து கைவசம் இருந்தன. ஒன்றும் எடுபடாது போலிருந்தது. சொந்தக் குரலில், நான் இவளோடு இருக்கணும் மாமா என்றான். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

சொர்ணக்கிளி எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பா, நீங்க வாக்குக் குடுத்தது வராத ஆளுக்கு. அதை மாத்த வேண்டாம்" என்றாள். "வராத ஆளுக்கு வராத பொண்ணைக் குடுத்துருங்க. நானும் வரலை."

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். சேர்மக்கனி பின்னாலேயே இறங்கினான். அவர்கள் மண்டப வாசலைத் தாண்டிய உடனே, ரோஜாப்பூ ஒட்டிய காரில் காத்திருந்த அவனுடைய ஆப்சென்ஷியா இறங்கி உள்ளே போனது. மணையில் மற்றொரு பக்கம் சொர்ணக்கிளி இல்லாதது, தலையைக் குனிந்தபடி, மிக லட்சணமாகத் தெரிந்தது. ஐயர் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார். வைகுண்டமணி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பேசாத மாப்பிள்ளை ஒருவர் வேண்டும் என்று கேட்டவருக்குப் பேசாத மகளும் சேர்ந்து கிடைத்திருந்தாள். அவர் சொம்பை எடுத்துத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

எதிர்ப்பக்கத்து டீக்கடையில் சேர்மக்கனியும் சொர்ணக்கிளியும் டீ சொல்லிவிட்டு நின்றார்கள். குழாய் ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கேட்டது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தி, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார். எங்களுடையதுதான், நாங்கள் போகவில்லை என்று சொர்ணக்கிளி சொன்னாள். அப்படியென்றால் நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லி அவர் டீக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டார்.

ஆப்சென்ஷியாக்கள் இரண்டும் வைகுண்டமணி வீட்டு மாடியில் குடித்தனம் வைத்தன. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, சமையல் வாசனை கிடையாது. அவற்றைப் பார்த்துப் படிக்கும்படி வைகுண்டமணி மற்ற நான்கு மாப்பிள்ளைகளிடமும் சொல்லிவந்தார். நான்கு பேரும் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

சேர்மக்கனியும் சொர்ணக்கிளியும் அடுத்த முகூர்த்தத்தில் மலைக்கோயில் மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரையும் நேரில் போய் அழைத்தார்கள். வைகுண்டமணி வெற்றிலைபாக்கை வாங்கிக்கொண்டு, கட்டாயம் வராமல் இருந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம். ஊரே அங்கே போய்விட்டது. மண்டபத்துக்கு ஒருவரும் வரவில்லை.

ஆகவே கூட்டம் தாங்கவில்லை. முன்வரிசை, பின்வரிசை, தூண் ஓரம், படிக்கட்டு, எங்கும் ஆப்சென்ஷியாக்கள். நாற்காலி போதாமல் பக்கத்து மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிப் போட்டார்கள். பந்தியில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடந்தது. செல்லத்தாயும் கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத இடத்திலிருந்து யாரும் இருமவில்லை என்றாலும், சேர்மக்கனியின் அப்பாவும் அவள் பக்கத்தில்தான் இல்லை என்பது தெரிந்தது. குருசாமியின் ஆப்சென்ஷியா கதவோரம் ஒதுங்கி நின்றது. சேர்மக்கனி தாலி கட்டினான். வேறு யார் மாதிரியும் செய்ய முடியாத காரியமாக அது இருந்தது. மூன்றாவது முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது, வைகுண்டமணி இல்லாத இடத்தில் தரை நனைந்திருந்ததைச் சொர்ணக்கிளி பார்த்தாள். போய் விழுந்து கும்பிட்டாள்.

மணமக்களுக்கே சாப்பிட இடம் கிடைக்காததால் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் சொர்ணக்கிளி. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். இவள் அவரைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் பின்பக்கம் போனதும் அவர் குரலில் சில்லறை கேட்டாள். முன்னால் இருந்தவர்கள் எடுத்து நீட்டினார்கள். சேர்மக்கனி சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து சரிந்தான்.

கடைசிப் பாலம் தாண்டியதும் பஸ் நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"தும்பிச்சிநல்லூர் இல்லை, இறங்கு."

ஊர் இன்னும் கும்பாபிஷேகத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. குடிநீர்த் தொட்டி, பஸ் நிலையம், ரயில்வே கேட் எல்லாமே போயிருந்தன. வெட்டவெளியில் ஊர் இல்லாதது பெரிதாகப் பரந்து தெரிந்தது. இல்லாத நேரத்தில் அதற்கு ஒரு புதுக் குடித்தனம் வந்து சேர்கிறபடியால், சொல்லை முறையாகப் பயன்படுத்தினால் அதுவும் இன் ஆப்சென்ஷியாதான். மேலும் நாலைந்து பேர் பைகளோடு இறங்கி அவரவர் தெருவுக்குப் போனார்கள்.

தொட்டி இல்லாத இடத்தில் இருவரும் இடதுபக்கம் திரும்பினார்கள். காலைக் காபிக்குப் பால் வேண்டுமே என்று சொர்ணக்கிளி கேட்டாள். பால் கடை இல்லாத இடத்தில் நின்று வாங்கிக்கொண்டார்கள். வீடு வந்ததும், அல்லது வராததும், சேர்மக்கனி முன்னால் போய்த் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். காற்று நன்றாக வருகிறது என்றாள்.